செங்கல் கம்பவுண்டரின் பத்தியம்

உலகத்தில் மனிதரின் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே பேசியவர் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் ஜலகண்டாபுரம் தர்மாஸ்பத்திரியின் கம்பவுண்டர். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய காலம். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. 'செங்கல்' என்றால் ஊருக்கே தெரியும்.

காரணம் இதுதான். நீரிழிவுக்காரர்களின் சிறுநீரை நீல மருந்தில் கலந்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. வந்ததும் தெருவுக்கே கேட்கும்படி "செங்கல்!" என்று கத்துவார். நோயாளியின் மானம் அன்றோடு போகும்.

என் அப்பா நெசவாளி. நீரிழிவு. வலது பாதத்தில் ஒரு புண் மூன்று மாதமாக ஆறவில்லை. இனியும் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழித்தறியை மிதிக்கக் கால் வேண்டும். கால் போனால் தறி போச்சு, தறி போனால் எங்கள் ஐந்து பேருக்கும் சோறு போச்சு. ஊசி மருந்து எங்களுக்கு எட்டாத சமாச்சாரம். மிச்சம் இருந்தது பத்தியம். அதற்குக் காவல் செங்கல்.

அரிசியை விட்டு ராகிக் களிக்கு மாறச் சொன்னார். அப்பாவும் சந்தோஷமாக வேளைக்கு நாலு உருண்டை சாப்பிட்டார். வெள்ளிக்கிழமைச் சோதனையில் குழாயில் செங்கல்.

"நாலு உருண்டையா! ஏனுங்க, ராகி சக்கரைக் கணக்குல வராதுன்னு யாருங்க சொன்னது? ஒரு உருண்டை போதும். மீதி வயித்துக்குக் கீரை, சொரக்கா, தண்ணி மோரு. பட்டினியுங் கெடக்காதீங்க. நேரத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமாச் சாப்புடோணும்."

அப்பா லேசில் தோற்கிற ஆளில்லை. குழாயை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இது செங்கல் இல்லீங்க, மாம்பழக் கலரு. ஊடு பூரா சாயந்தான், எனக்குத் தெரியாதுங்களா?"

கம்பவுண்டர் குழம்பிப்போனார். அடுத்த வெள்ளிக்கிழமை சட்டைப் பையில் ஒரு செங்கல் துண்டோடு வந்து, குழாய்க்குப் பக்கத்தில் வைத்து நிரூபித்தார்.

அதற்குப்பின் தினமும் மதியம் எங்கள் வீட்டுக்கு வந்து தட்டை எட்டிப் பார்ப்பார். தட்டில் ஒரு குற்றமும் இல்லை. குழாயில் மட்டும் செங்கல். "சத்தியமா வேற ஒண்ணும் போடலீங்க" என்று அம்மா அழாத குறை.

ஒருநாள் காலை தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்திருந்தோம். நூல் விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி தடவுவது வழக்கம். போகிற போக்கில் கம்பவுண்டர் நூலைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னங்க, பாவு தொளதொளங்குது?"

"ஒரு பானைக் கஞ்சி காச்சி வெச்சனுங்க. விடிஞ்சு பாத்தா பாதியக் காணோம்" என்றாள் அம்மா.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். நூலில் இல்லாத விறைப்பு அவர் மீசையில் இருந்தது.

செங்கல் கத்துவார் என்று காதைப் பொத்திக்கொண்டோம். அவர் கத்தவில்லை. புழுதியிலேயே உட்கார்ந்து, அப்பாவின் காலை மடியில் எடுத்து வைத்துக் கட்டைப் பிரித்துப் புண்ணைத் துடைத்தார். "இந்தக் காலுக்காகத்தானுங்க நான் இத்தன கத்து கத்தறது. தனியாத் திங்கறது கஷ்டமா இருந்தா, நாளையிலருந்து நானும் அதையே திங்கறேன்."

சொன்னபடி தின்றார். நல்ல திடகாத்திரமான மனிதர், நாலு மாதம் மதியத்தில் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு உருண்டை களியும் கீரையும் மோரும். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டார். அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கஞ்சிப் பானைப் பக்கமே திரும்பவில்லை. குழாய் மஞ்சளானது, பச்சையானது, கடைசியில் நீலமாகவே நின்றது. புண்ணும் மூடியது. அன்றைக்கும் தெருவுக்கே கேட்கும்படிதான் "நீலம்!" என்று கத்தினார்.

மறுவருஷம் அவருக்கு நாமக்கல்லுக்கு மாற்றல் வந்தது. பஸ் நிற்கிற இடம் அரை மைல். வண்டி பிடிக்கலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கம்பவுண்டரின் தகரப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். அப்பாவின் பாதங்களையே பார்த்தபடி செங்கல் பின்னால் நடந்தார். எங்களுக்கு அவர் மேல் எவ்வளவு பிரியம் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.