ஐந்தாவது கண்ணாடி

ஐந்தாவது முறையாகவும் கண்ணாடி உடைந்துவிட்டதென்று கிளப் செயலாளர் டூகல் போனில் சொன்னபோது, எல்ஸ்பெத்துக்கு வந்தது வருத்தமல்ல, ஆத்திரம்.

முப்பது வருடமாகக் கோல்ஃப் கிளப்புகளுக்குக் கட்டடம் வரைந்து கொடுப்பவள் அவள். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரை நெடுக இருபத்திரண்டு கட்டடங்கள். எதிலும் ஓர் ஓடுகூட நகர்ந்ததில்லை. ஆக்கன்டூனில் கட்டியதுதான் இருப்பதிலேயே அழகு. சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. உட்கார்ந்த இடத்திலிருந்தே கடைசிக் குழியில் பந்து விழுவதைப் பார்க்கலாம்.

முதல் தடவை உடைந்தபோது, ஏதோ தவறி வந்த பந்து என்று அவளே ஆறுதல் சொன்னாள். இரண்டாம் தடவை, பந்தடிக்கும் இடத்தை முப்பது அடி தள்ளிப் போடச் சொன்னாள். புதுக் கண்ணாடி போட்ட மறுவாரமே உடைந்தது. வளர்ந்த மரங்களாகக் கொண்டுவந்து நடச் செய்தாள். பந்து மரங்களுக்கு மேலே பறந்து வந்தது. உயரமாக வலை கட்டினாள். வலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முறையும் கூடத்தைப் பத்து நாள் பூட்டவேண்டியதாயிற்று.

"அந்தக் கோணத்துல பந்து வரவே வராது. அளந்துதான் கட்டியிருக்கேன்," என்றாள்.

"வருதே, மேடம்," என்றார் டூகல். குரலில் லேசாகப் பெருமை தட்டியது.

மறுநாள் மழையில் இரண்டு மணி நேரம் காரோட்டி வந்து இறங்கினாள். உறுப்பினர் ஒருவரையும் காணோம். சமையற்காரி மோர்னா மட்டும் பெரிய சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் போய்க்கொண்டிருந்தாள்.

எல்ஸ்பெத் அவளிடமே கொட்டித் தீர்த்தாள். இவ்வளவு மோசமாக ஆடுகிறவர்களை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்றாள். நேராக அடிக்கத் தெரியாதவர்களுக்குக் கிளப் ஒரு கேடா என்றாள்.

"இனிமே குண்டு துளைக்காத கண்ணாடிதான். பீரங்கி வெச்சுச் சுட்டாலும் கீறல் விழாது. பார்த்துடலாம்."

மோர்னா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பின்னால், புல்வெட்டும் டிராக்டர் நிறுத்தும் கொட்டகைக்குள்ளிருந்து நாற்பது பேர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. யாரோ அக்கார்டியன் வாசிக்கத் தொடங்கினார்கள்.

"அது மட்டும் வேண்டாம், மேடம்," என்றாள் மெதுவாக. "உங்க கூடம் ரொம்ப அழகு. காலை நீட்டி உக்காரவே எல்லாருக்கும் கூச்சமா இருக்கு. ஆனா கூடம் திறந்திருந்தா கொட்டகையில சாப்பாடு போடக்கூடாதுன்னு விதி. இந்தக் கண்ணாடிக்குக் குறிவெச்சு அடிச்சே கிளப் கேப்டனுக்குத் தோள்பட்டை பிசகிப்போச்சு."