லூப்பம்மாவின் கற்றாழைச் சாறு

பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் காலையிலேயே வந்து, நேற்று ராத்திரி தான் மலைக்கு மேலே பறந்துகொண்டிருந்ததாகச் சொன்னபோது, தருமன் சட்டைப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"பறந்தீங்களா?" என்றான், கேட்க வேண்டுமே என்று.

"ஆமா தம்பி. காலு ரெண்டும் தரையில இல்ல. கோபுரமெல்லாம் கீழ தம்மாத்தூண்டு தெரியுது. எங்க வூட்டுக்காரரு செத்து எத்தினி வருஷம் ஆச்சு, அவரு மலை உச்சியில உக்காந்து என்னைப் பாத்துக் கை ஆட்டுறாரு. நல்லா இருந்துச்சு."

ஜோதியம்மாள் சிரித்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரித்தாள். தருமனின் மனைவி வேதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "குளிர்ச்சி ஒடம்புல புடிச்சிடுச்சு, அதான்" என்று பெருமையாகச் சொன்னாள்.

வேறு நாளாக இருந்தால் தருமன் உட்கார்ந்து முழுக் கனவையும் கேட்டிருப்பான். அவனே பாதி நாள் கனவில் இருக்கிறவன். அலுவலகத்தில் அவன் மேசை ஜன்னலோரம். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணாமலையைப் பார்க்க ஆரம்பித்தான் என்றால், மலைமேல் ஏறிய மேகம் இறங்கிய பிறகுதான் அடுத்த பக்கம் புரளும். அப்படிப்பட்டவனைத்தான் ஜவ்வாது மலையில் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு மாற்றப் போகிறார்கள்.

"அங்கயும் மலைதானப்பா" என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். மலைதான். ஆனால் பிறந்ததிலிருந்து கண் விழித்தால் ஜன்னலில் நிற்கிற மலை இல்லையே. ஒரு நாள் வேலூர் போய்வந்தாலே, திரும்பும் பஸ்ஸில் மலை தெரிகிறவரை அவனுக்கு நெஞ்சு கனத்துக் கிடக்கும். வருஷக்கணக்கில் அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழவும் செய்தான்.

உத்தரவில் இன்னும் கையெழுத்து விழவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் வேலூரில் இருக்கும் பெரிய அதிகாரி சக்கரபாணி. பௌர்ணமியான இன்றைக்கு ஆய்வுக்கு வருகிறார். சாயங்காலம் தருமன் வீட்டு மொட்டைமாடியில் நிலா பார்க்க அவரை அழைத்து வர, தலைமை எழுத்தர் ஆதிமூலம் ஏற்பாடு செய்திருந்தார். கூடவே ஒரு யோசனையும் சொல்லியிருந்தார்.

"ஐயாவுக்குப் பொழுது சாஞ்சா கொஞ்சம் வேணும். உள்ளூர்ச் சரக்கைத் தொட மாட்டாரு, சீமைச் சரக்குதான். அதுவும் டாக்டர் லைட்டா சாப்புடச் சொல்லிட்டாராம். பழம் கிழம் புழிஞ்சி லைட்டா குடு. மனசு எளகிடுவாரு."

"உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"எனக்குத் தெரியாதது இந்த டிபார்ட்மெண்டுல இன்னா இருக்குது?" என்றார் ஆதிமூலம்.

சீமைச் சரக்கு தருமனிடம் இருந்தது. அதுதான் இந்தக் கதைக்கே மூலம்.

மாடி அறையில் மெக்சிகோக்காரி ஒருத்தி குடியிருந்தாள். லூபே என்று பெயர், தெருவுக்கு லூப்பம்மா. ஆசிரமத்துக்கு வந்தவள், மலையைப் பார்த்ததும் ஊருக்குத் திரும்ப மனசில்லாமல் தங்கிவிட்டாள். அந்த விஷயத்தில் அவளும் தருமனும் ஒரே ஜாதி. போன மாதம் அவள் மௌன விரதம் எடுத்தாள். எடுப்பதற்கு முன் உலகப் பற்றையெல்லாம் துறந்து, மணிமாலையை வேதாவுக்கும், ஊரிலிருந்து கொண்டுவந்த டெக்கீலா என்ற சாராய பாட்டிலைத் தருமனுக்கும் கொடுத்துவிட்டாள்.

பாட்டிலின் மேல் ஒரு செடியின் படம் போட்டிருந்தது. "இது இன்னாங்க, ரயில்வே லைன் ஓரத்துல நிக்கிற ஆனைக்கற்றாழையாட்டம் கீது" என்று வேதா கேட்டாள்.

"கற்றாழைச் சாறுதான். ஒடம்புக்குக் குளிர்ச்சி" என்றான் தருமன். செடியைப் பொறுத்தவரை அது பொய்யுமில்லை. வேதா நம்பி, புளிப்பானைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள். திறந்தால் காட்டம் போய்விடுமோ என்று தருமன் அதன் மூடியைக்கூடத் தொடவில்லை. சாராயத்தின் வாசனையே அறியாதவன் அவன்.

இன்றைக்குத்தான் ஒரு சங்கடம் புரிந்தது. அந்தச் சரக்கை எப்படி லைட்டாக ஆக்குவது? தெரிந்தவள் ஒருத்திதான். அவளோ பேச மாட்டாள், எழுதவும் மாட்டாள்.

தருமன் மாடி ஏறினான். லூப்பம்மா மலையைப் பார்த்துப் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவன் கட்டைவிரலை வாய்க்குக் காட்டினான். அவள் அவனை இரக்கத்தோடு பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"எனக்கு இல்லம்மா. ஆபீசருக்கு. லைட்டா" என்று பஞ்சு பறப்பதைப்போலக் காற்றில் ஊதிக் காட்டினான்.

அது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊர் ஞாபகம் வந்ததோ என்னவோ, முகம் மலர்ந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் பெரிய பழம் ஒன்றைக் காட்டி, அறுத்து, பிழிந்தாள். கண்ணை இறுக்கிச் சற்றுக் கசக்கும் என்று உணர்த்தினாள். விரல்களைக் குவித்து விரித்துச் சோடா பொங்குவதைக் காட்டினாள். சாராயம் இத்தனூண்டு என்று கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு கஞ்சிக்கு வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து, விளிம்பில் தடவ வேண்டும் என்று டம்ளரின் வாயைச் சுற்றி விரலால் வட்டம் போட்டாள்.

தருமனுக்கு மெய்சிலிர்த்தது. அவர்கள் ஊரிலும் திருஷ்டி சுற்றிப் போடுகிறார்களா?

கடைசியாக லூப்பம்மா இரண்டு கைகளையும் சிறகைப்போல அடித்து, கோயில் பக்கம் பறந்த புறாக்களைக் காட்டினாள். அவர்கள் பாஷையில் அந்தப் பானத்துக்குப் புறா என்று பெயர். தருமன் அதைக் கண்டானா? குடித்தவர் பறப்பார் என்று எடுத்துக்கொண்டான். பறக்கிற சங்கதி இன்றைக்கு இரண்டாம் முறையாக வருகிறதே என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் மலைமேல் ஒரு மேகம் வந்து உட்கார்ந்தது. அவன் அதைப் பார்க்கப் போய்விட்டான்.

கசக்கும் பெரிய பழம் என்றால் பம்ப்ளிமாஸ். கடைத்தெரு முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. சாத்துக்குடி வாங்கினான். அதில் கசப்பு கம்மி என்று அடி அண்ணாமலை வரைக்கும் சைக்கிள் மிதித்து, ஒரு தோட்டத்தில் நாரத்தங்காய் கேட்டு வாங்கினான். அதற்குள் பௌர்ணமிக் கூட்டம் சாதாக் கோலி சோடா அத்தனையையும் குடித்துத் தீர்த்துவிட்டது. பன்னீர் சோடாதான் மிச்சம். வீடு வந்து சேர்வதற்கும் ஜீப் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

சக்கரபாணி கனத்த மீசைக்காரர். "வாங்க" என்றதற்கு "ம்" என்றார். ஆதிமூலம் அவரை மாடிக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, "நான் கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று கண்ணடித்துவிட்டு நழுவினார்.

தருமன் அடுப்படிக்கு ஓடினான். பழங்களைப் பிழிந்து, புளிப்பானைக்குப் பக்கத்தில் கைவிட்டு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான். மோந்து பார்த்தான்.

"வேதா, இதுல வாசனையே இல்லியே."

"எப்பிடி இருக்கும்? அது தண்ணி" என்றாள் வேதா, வடையைத் திருப்பிப் போட்டபடி.

"இன்னாது?"

"ஜோதியம்மாவுக்கு நெஞ்செரிச்சல், ஒடம்பெல்லாம் சூடு. நீங்கதான குளிர்ச்சினு சொன்னீங்க. படுக்கறப்ப தெனம் கொஞ்சம் குடுத்தேன். அரிஷ்டம் மாதிரி காரமா இருக்குது, ஆனா நல்லா தூக்கம் வருதுனு காலையிலயும் கேட்டாங்க. நேத்தோட தீந்துடுச்சு. அழகான பாட்டிலாச்சேனு கழுவி, கெணத்துத் தண்ணி ரொப்பி வெச்சேன்."

"ஒரு சொட்டு கூடவா இல்ல?"

"கழுவுன தண்ணியைக் கூட அவங்க வுடலங்க."

அது என்ன தெரியுமா என்று கேட்க வாயெடுத்த தருமன், வாயை மூடிக்கொண்டான். சொன்னால் ஜோதியம்மாளை மலைக்கு மேலே பறக்கவிட்ட பழிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"தருமன், எவ்ளோ நேரம்பா?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

காட்டத்துக்கு இஞ்சி நசுக்கிச் சேர்த்தான். பன்னீர் சோடா, டம்ளர், உப்பு, பாட்டில் எல்லாவற்றையும் தட்டில் வைத்துக்கொண்டு படியேறினான். ஒவ்வொரு படியிலும் ஜமுனாமரத்தூர் ஒரு மைல் கிட்டே வந்தது.

நிலா எழும்பியிருந்தது. மலை வெள்ளிப்பூச்சுப் பூசிக்கொண்டு, எட்டித் தொட்டுவிடும் தூரத்தில் நின்றது. மாடியின் அந்தக் கோடியில் லூப்பம்மா சிலையாக உட்கார்ந்திருந்தாள். சக்கரபாணி மலையைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

"சீமைச் சரக்கா?"

"ஆமாங்கய்யா. மெக்சிகோ."

தருமன் லூப்பம்மா காட்டிய அளவுக்குக் கொஞ்சமாக ஊற்றினான். அதிகாரியின் முகம் இன்னும் இறுகியது. கம்மியாக ஊற்றியதுதான் கோபம்போல என்று இவன் இன்னும் கொஞ்சம் ஊற்றினான். மீசை துடித்தது. பாதி டம்ளர் வரைக்கும் ஊற்றினான். சக்கரபாணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பார்த்தார்.

பயத்தில் மற்றதையெல்லாம் ஊற்றி நிரப்பி, ஒரு கை உப்பை எடுத்து டம்ளரை மும்முறை சுற்றித் தெருப் பக்கம் போட்டான். லூப்பம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரதம் மயிரிழையில் தப்பியது.

"இது எதுக்கு?" என்றார் சக்கரபாணி.

"ஐயாவுக்குக் கண்ணு படக் கூடாதுங்களே."

அவர் டம்ளரை வாங்கினார். குடிக்காமல் மூக்குக்குக் கீழே வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, தருமனைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். தெரிந்துவிட்டது என்று தருமன் நினைத்தான். திரும்பி ஒருமுறை மலையை நன்றாகப் பார்த்துக்கொண்டான், பிரிந்து போகிறவர்கள் பார்ப்பதைப்போல.

டம்ளர் காலியாகித் தட்டில் வந்து உட்கார்ந்தது.

"இன்னொன்னு குடு" என்றார் சக்கரபாணி.

இரண்டாவது டம்ளருக்கு அவர் செருப்பைக் கழற்றி எறிந்தார். மூன்றாவதுக்குத் தரையில் இறங்கி மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"எவ்ளோ லைட்டா இருக்குது தருமா" என்றார் ஆகாயத்தைப் பார்த்து. "எங்கம்மாவுக்கு அப்பறம் எனக்கு யாரும் சுத்திப் போட்டதில்ல." அவர் கண்ணோரம் நனைந்திருந்தது.

தருமனும் பயம் தெளிய ஒரு டம்ளர் குடித்தான். வெறும் நாரத்தைத் தண்ணீர் என்று தெரியும். தெரிந்தும், ரோஜா வாசனையோடு அது உள்ளே இறங்க இறங்க, மலை மெல்ல நகர்ந்து மாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கீழே கிரிவலம் போகிறவர்களின் பேச்சு, தூக்கத்தில் கேட்பதைப்போலக் கேட்டது. அதிகாரியும் தருமனும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். வேதா கொண்டுவந்த வடை ஆறிப்போயிற்று.

"இந்த பாட்டில்லேர்ந்து இதை ஊத்தணும்னு உனக்கு யாருப்பா சொன்னது?"

"லூப்பம்மாதாங்கய்யா. ஆனா வாயால சொல்லல."

சக்கரபாணி எழுந்து உட்கார்ந்து அந்த வெள்ளைக்காரியைப் பார்த்துக் கைகூப்பினார். "பெரியவங்க" என்றார். பிறகு, "உன்னை ஜமுனாமரத்தூருக்கு எழுதி வெச்சிருக்குது இல்ல?"

"ஆமாங்கய்யா. இன்னும் கையெழுத்து ஆவலங்க."

"ஆவாது. நீ இங்கயே இரு. இந்த மலைக்குக் கீழ உன்னை மாதிரி ஒருத்தன் இருக்கணும்."

பாட ஆரம்பித்தார். பாட்டுக்குத் தாளமும் இல்லை, முடிவும் இல்லை. செருப்பில்லாமலே, தருமன் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, தெருவில் போன ஒரு மாட்டுக்கும் கும்பிடு போட்டார்.

தருமனுக்குச் சந்தோஷத்தோடு ஒரு பயமும் வந்து ஒட்டிக்கொண்டது. போதையில் கொடுத்த வாக்கு, விடிந்தால் நிற்குமா? அதுவும் கிணற்றுத் தண்ணீரில் வந்த போதை எத்தனை நாழிகைக்கு?

செருப்பை எடுத்துப்போக ஜீப் டிரைவர் வேணு மாடிக்கு வந்தான். பின்னாலேயே ஏறி வந்த தருமன் அவனைக் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"வேணு, ஐயா மூணு டம்ளர் சாப்புட்டிருக்காரு. போதை எறங்குனா, சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

வேணு காலி டம்ளரை எடுத்து மோந்து பார்த்தான். சிரித்தான்.

"ஐயா குடியை வுட்டு வருஷம் ஒண்ணாச்சு சார், போன வாரம் ஆரணியில ஒருத்தரு, ஆதிமூலம் சார் பேச்சைக் கேட்டுக்கினு சீமைச் சரக்கை ஊத்திக் குடுத்தாரு, இப்ப ஜீப்புல ஏறுனதும் ஐயா சொல்லிட்டாரு, உங்களுக்குப் பதிலா அந்த ஆரணிக்காரருதான் ஜமுனாமரத்தூரு போறாரு."