பாலுசாமி திருத்திய போர் விமானம்

மனித குலத்துக்கு விமானத்தைத் தந்தவர்கள் யாராகவும் இருக்கட்டும். அதிலிருந்த குறைகளைக் களைந்த பெருமை கோயமுத்தூரையே சாரும். எங்கள் பம்ப்செட் பட்டறையின் மேனேஜர் என்ற முறையில், அந்த வரலாற்று நிகழ்ச்சியை நேரில் கண்டு கைதட்டியவன் நான்.

தாராளமயம் வந்து, டீக்கடையில்கூட ‘உலகத் தரம்’ என்று பேசிக்கொண்டிருந்த காலம். முதலாளி பாலுசாமியின் மகள் கீதாவுக்குப் பிறந்த நாள் பரிசாக, அவள் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். உள்ளே, அடுத்த நூற்றாண்டில் பறக்கப்போகும் போர் விமானம், ஜப்பானில் செய்த பிளாஸ்டிக் துண்டுகளாக. பசையே வேண்டாம், ஒன்றோடொன்று வைத்து அழுத்தினால் ‘டிக்’கென்று பொருந்திக்கொள்ளுமாம். அதைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று கீதாவுக்கு அப்படி ஓர் ஆசை. பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் கட்டிக்கொண்டே திரிந்தாள்.

பச்சைக் குழந்தையை நம்பி ஒரு போர் விமானத்தை ஒப்படைக்க முடியுமா? முதலாளி பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து ‘தொழில்நுட்ப ஆய்வுக் கூட்டம்’ கூட்டிவிட்டார். கீதாவும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

ஓர் இறக்கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த முதலாளியின் முகம் சுருங்கியது.

“என்னுங்க இது மேனேஜர், ஓரமெல்லாம் குச்சி குச்சியா நீட்டிக்கிட்டு நிக்குது? ஜப்பான்காரன் பிசிறு எடுக்காமயே அனுப்பிப்போட்டானே!”

வார்ப்படத் தொழிலில் பிசிறு மகா பாவம். அச்சிலிருந்து வந்த பொருளில் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் எங்கள் கை தானாக அரத்தைத் தேடும்.

“ஐயோ, அதைத் தேய்க்காதீங்கப்பா! அதுதானுங்க ஓட்டைக்குள்ள போய் மாட்டிக்கும்” என்று கத்தினாள் கீதா.

“அம்மணி, அப்பன் இருவது வருசமா காஸ்டிங் பாக்கறேன். நீ அந்தப் பக்கம் உக்காந்து கலர் குடி கண்ணு.”

ஃபோர்மேன் பொங்கியண்ணன் எல்லாக் குச்சிகளையும் மழமழவென்று தேய்த்துத் தள்ளினார். பிறகு இறக்கையை வைத்து அழுத்தினார். விழுந்தது. வாலை வைத்தார். அதுவும் விழுந்தது.

“டிசைனே தப்புங்க முதலாளி” என்றார் பொங்கியண்ணன்.

“நானும் அதையேதானுங்க நெனச்சேன்” என்றேன் நான். மாதச் சம்பளக்காரனுக்கு இந்த அளவு தொழில்நுட்ப அறிவு போதும்.

ஜப்பானின் தவறைத் திருத்துவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. துளை போட்டு, பம்புக்குப் போடும் போல்ட்டு நட்டையே போட்டு முடுக்கினோம். மோட்டாருக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்டையும் அடித்தோம். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனத்துக்கு விமானம் முன்னேறியது. அதை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ‘குழந்தைகள் தொடக் கூடாது’ என்று எழுதி ஒட்டினோம். காலி அட்டைப் பெட்டியைப் பெருந்தன்மையோடு கீதாவுக்கே கொடுத்துவிட்டோம்.

ஈரோட்டிலிருந்து வந்த டீலர்கள் வாயைப் பிளந்தார்கள். “நம்ம பட்டறையிலயே ரெடி பண்ணுனதுங்க” என்று முதலாளி கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துக் காட்டினார்.

அந்த வாரமே சிங்கப்பூரிலிருந்து மாமாவின் போன் வந்தது. முதலாளி பூரிப்போடு ரிசீவரை மகளிடம் நீட்டினார்.

“பிளேன் எப்படி இருக்குதுன்னு மாமாகிட்டச் சொல்லு கண்ணு.”

கீதா வாங்கிக்கொண்டாள்.

“அப்பாவுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க மாமா. நாள் பூரா அதை வெச்சேதான் வெளையாடறாருங்க. அடுத்த பொறந்த நாளுக்கு எனக்கும் ஏதாச்சும் அனுப்புங்க.”