நான்காம் படத்தில் மைல்கல் தெரியாதது குறித்து

ஏற்காடு
14-7-1986

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய ‘இருசக்கரம்’ மாத இதழ் ஆசிரியர் அவர்களுக்கு, ஏற்காடு பஜாரில் குடைக்கடை வைத்திருக்கும் நல்லமுத்து பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி காமாட்சியும் என் பழைய மோட்டார் சைக்கிளும் சௌக்கியம். மலையில் மழை பிடித்துக்கொண்டதால் வியாபாரமும் சௌக்கியம். சேலத்தில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சாபீஸும் சௌக்கியமாக இருக்கச் சேர்வராயனை வேண்டிக்கொள்கிறேன். இவ்வளவு மரியாதையாக ஆரம்பித்திருந்தாலும் நான் கோபமாக இருக்கிறேன் என்பதைத் தாங்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

விஷயம் இதுதான். மே மாதம் தாங்கள் நடத்திய ‘சேர்வராயன் மலை வேட்டை’ போட்டியில் நானும் கலந்துகொண்டேன். விடிந்ததிலிருந்து பொழுது சாய்வதற்குள் மோட்டார் சைக்கிளில் மலையைச் சுற்றி, தாங்கள் துப்புக் கொடுத்திருந்த பத்துச் சாலையோர அடையாளங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் முன்னும் வண்டியை நிறுத்திப் படம் பிடித்து, பிலிம் சுருளைக் கழுவாமல் அப்படியே தபாலில் அனுப்ப வேண்டும் என்றீர்கள். அனுப்பினேன். இந்த மாத இதழில் முடிவு வந்திருக்கிறது. எனக்குப் பரிசு இல்லை, அது போகட்டும். ஆனால், “ஏற்காட்டு அன்பர் ஒருவரின் சுருளில் அடையாளமும் இல்லை, வண்டியும் இல்லை, வரிசையாக மனிதர்கள்தான் நிற்கிறார்கள். அன்பர் போட்டியின் விதிகளைப் படித்தாரா என்பது சந்தேகமே” என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். ஏற்காட்டிலிருந்து கலந்துகொண்ட ஒரே ஆள் நான்தான் என்பது பஜாருக்கே தெரியும். குடை வாங்க வருகிறவன்கூடக் கடை வாசலில் விறைப்பாக நின்று, ஒரு படம் எடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

ஐயா, மனிதர்கள் நிற்பது உண்மை. ஏன் நிற்கிறார்கள் என்பதைத் தாங்கள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எப்படித் தெரிந்துகொள்ள முடியும்? எங்கள் மலை ஊர்களுக்குள் கேமராவோடு வருகிற ஆளை வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். அப்படி வருகிறவன், பக்கத்தில் ஆள் நிற்கும்போது ஆளை விட்டுவிட்டுப் பலகையையும் கல்லையும் படம் பிடித்தால் அவனை என்னவென்று நினைப்பார்கள்? நாளைக்கு அதே ஆள் என் கடைக்கு வந்து குடை வாங்குவானா?

கேமரா என் மச்சினன் பழனிசாமியுடையது. ஆத்தூரில் இருக்கிறான். தோல் பையோடு இரவல் கொடுத்தான். நான் வண்டி ஓட்ட, காமாட்சி பின்னால் உட்கார்ந்து ஒரு கையில் குடையும் ஒரு கையில் கேமராவுமாகப் புறப்பட்டோம். முதல் துப்பு கடைசிக் கொண்டை ஊசி வளைவின் பலகை. கண்ணை மூடிக்கொண்டு போனேன் என்று எழுத வந்தேன், ஆனால் அந்த வளைவில் அப்படி எழுதுவது நன்றாக இராது. பலகை அருகே சேலத்து பஸ் ஒன்று நின்றிருந்தது. வளைவு சுற்றித் தலை கிறுகிறுத்தவர்கள் இறங்கி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவைத் தூக்கியவுடன் அத்தனை பேரும் வாயைத் துடைத்துக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு பலகைக்கு முன்னால் வந்து நின்றார்கள். கண்டக்டர் பையை முன்னால் தள்ளிக்கொண்டு நடுவில் நின்றார். டிரைவர் தனக்கு ஸ்டியரிங்கோடு தனியாக ஒன்று வேண்டும் என்றார். கொஞ்சம் விலகுங்கள் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் காமாட்சி, பின்னால் இருக்கிற அம்மா முகம் மறைக்கிறது, முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டாள். அத்தோடு பலகை போயிற்று.

வண்டி இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் பதில் இருக்கிறது. இரண்டாவது இடம் ஏரிக்கரைப் படகுத்துறை. அங்கே நான் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அதன் மேல் ஒரு கூட்டம் பிள்ளைகள். ஹாண்டில்பாரில் ஒன்று, டேங்கின் மேல் இரண்டு, பின்னால் எத்தனை என்று எனக்கே தெரியாது. அவர்களைப் பெற்றவர்கள் இருபுறமும் நின்றுகொண்டார்கள். அதற்குள் வண்டி இருக்கிறது ஐயா, உற்றுப் பார்த்தால் சைலன்ஸர் தெரியும்.

மூன்றாவதாகச் செம்மநத்தம் ரோட்டில் வருஷம் பொறித்த பழைய சின்னப் பாலம். அதன் கைப்பிடிச் சுவரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தன்னைப் படம் பிடிப்பதில் அவருக்கு விருப்பம் இல்லை, தன் கிடாயைப் பிடிக்க வேண்டும் என்றார். கிடாய் நிற்கவில்லை. அதைப் பிடிக்க நாங்கள் மூவரும் காபித் தோட்டத்துக்குள் இறங்கி, வேலியில் என் வேட்டி கிழிந்து, ஒருவழியாகக் கொம்பைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினால், வருஷம் பொறித்த இடத்தில் கிடாய் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அவர் வீட்டில் களி தின்னாமல் எங்களை விடவில்லை. இப்படியே ஒவ்வோர் இடத்திலும் காபி, பலாச்சுளை, மறுபடி காபி. வயிறு நிறைந்து, வெயிலும் உறைக்காமல், காமாட்சி என் முதுகில் சாய்ந்து தூங்கியபடியே வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நல்ல நாள் எங்களுக்கு வாய்த்ததில்லை என்பதை, கோபத்துக்கு நடுவிலும், ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நான்காவது படத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான். வாழவந்தியில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பழைய மைல்கல் இருக்கிறது. அதைப் பிடிக்கக் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது, எஸ்டேட்டில் வேலை செய்கிற ஆராயி என்ற அம்மாள் மகன் முருகேசனோடு வந்தாள். அவனுக்கு மிலிட்டரியில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் வடக்கே போகிறானாம். இருவரும் சேர்ந்து இதுவரை ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லையாம். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு ஊருக்குள் ஓடினாள். நாங்கள் நின்றோம், வெகுநேரம் நின்றோம். பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத புடவையில் ஆராயியும், கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்ட புதுச் சட்டையில் முருகேசனும் வந்து, நேராக மைல்கல்லுக்கு முன்னால் நின்றார்கள்.

இந்த ஓர் இடத்தையாவது விடக்கூடாது என்று நான் வாய் திறந்தேன். கல்லில் உள்ள எழுத்து தெரிய வேண்டும், அரை அடி தள்ளி நில்லுங்கள், போட்டி விதி அப்படி என்று பக்குவமாகத்தான் சொன்னேன். ஆராயி குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தாள்.

“ஏனுங்க, கல்லு எங்கீங்க போவப்போவுது? நாளைக்கும் இங்கயேதான் கெடக்கும். போறது இவன்தானுங்க.”

இதற்குத் தங்களிடம் பதில் இருந்தால் அடுத்த இதழில் போடவும். இன்னும் கிட்ட நின்றால்தான் இரண்டு முகமும் நன்றாக விழும் என்று நானே சொல்லி, மைல்கல்லை முழுசாக மறைத்து நிற்க வைத்துப் படம் பிடித்தேன். படம் வந்ததும் கொடுக்கிறோம் என்று காமாட்சி வாக்குக் கொடுத்தாள். வழி நெடுக எல்லோருக்கும் கொடுத்த வாக்குதான், ஆனால் மற்றவர்களெல்லாம் இன்னும் மலையில்தான் இருக்கிறார்கள். வேண்டுமானால் கிடாயைக்கூட மறுபடி பிடிக்கலாம். முருகேசன் போய்விட்டான்.

ஆராயி சந்தை நாள் தவறாமல் கடைக்கு வருகிறாள். ஆரம்பத்தில் படம் வந்துவிட்டதா என்று கேட்டாள். இப்போது கேட்பதில்லை. வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். இதற்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டலாம். போன வாரம் மகனிடமிருந்து வந்த கடிதத்தைக் காமாட்சியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். கூட இருக்கிற பையன்கள் எல்லாரும் பெட்டிக்குள் வீட்டார் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள், என் படமும் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறான். காமாட்சி பாதியில் படிப்பை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இந்த நிலையில்தான் தங்கள் விதிகளின் கடைசி வரியைப் படித்தேன். “தகுதி பெறாத சுருள்கள் திருப்பி அனுப்பப்படமாட்டா, அழிக்கப்படும்.” ஐயா, என் பெயரை அடித்துவிடுங்கள். இன்னும் பெரிய கட்டம் கட்டி என்னைக் கேலி செய்யுங்கள், பஜாரில் நானே ஒட்டுகிறேன். அந்தச் சுருளை மட்டும் அழித்துவிடாதீர்கள். தங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். இது முடிந்த பிறகு தங்கள் போட்டி இருக்கும் திசையில் நான் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன், இது சத்தியம்.

தங்கள் இதழ் வீடுதோறும் போய்ச் சேரவும், தங்கள் வண்டி வழியில் எங்கும் நிற்காமல் ஓடவும், வீட்டில் உள்ள பெரியவர்களும் குழந்தைகளும் நீண்ட ஆயுளோடு இருக்கவும் வாழ்த்தி,

கோபமும் மரியாதையும் சரிபாதியாக உள்ள,
நல்லமுத்து

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும் சமயத்தில் மச்சினன் பழனிசாமி கேமராவைத் திருப்பி வாங்க வந்தான். வந்ததும் வராததுமாக, “மச்சான், பையில வெச்சிருந்த எங்க சுருளக் கழுவிட்டீங்களா?” என்றான். எந்தச் சுருள் என்றேன். அவன் மகள் காதுகுத்துக்குப் பிடித்ததாம். சேலம் போகும்போது கழுவிக்கொண்டு வரச் சொல்லித்தான் பையோடு கொடுத்தானாம். கேமராவைப் பார்த்தோம். போட்டிச் சுருள் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுவிடும் என்று அன்று சாயங்காலம் மூன்று கம்பளிக்குள் கேமராவோடும் பையோடும் புகுந்து, வேர்த்து விறுவிறுத்து, கையில் அகப்பட்ட சுருளை எடுத்துத் தங்களுக்கு அனுப்பியவன் நான்தான். ஆகவே தாங்கள் கட்டம் கட்டிய மனிதர்கள் காதுகுத்துக்கு வந்த என் மாமனார் வீட்டு உறவுக்காரர்கள். அவர்களில் மீசையோடு விறைத்து நிற்பவன் நான். மேலே கோபமாக எழுதியதையெல்லாம் தயவுசெய்து படிக்காமல் தாண்டிப் போகவும். சுருளை அழிக்க வேண்டாம் என்றதை மட்டும் தாண்டாமல் படிக்கவும், அது பழனிசாமிக்குத் திரும்பி வர வேண்டும்.

போட்டிச் சுருளை மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் கொண்டு போய்க் கழுவினேன். இந்தக் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. பலகை, படகுத்துறை, பாலம் ஒன்றும் தெரியவில்லை, தாங்கள் போட்ட கட்டம் இந்தச் சுருளுக்கும் வரிக்கு வரி பொருந்தும், திருத்த வேண்டியதில்லை. ஆனால் மனிதர்கள் எல்லாரும் அழகாக விழுந்திருக்கிறார்கள். முருகேசனுக்கு ஒரு படம் தபாலில் போய்விட்டது. ஆராயிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “ஏனுங்க, இதுல நான் சிரிக்காமயே நின்னுட்டனுங்க. அவன் லீவுல வர்றப்ப இன்னொண்ணு எடுத்துக் குடுத்துருங்க” என்றாள். சரி என்று காமாட்சி வாக்குக் கொடுத்துவிட்டாள். கேமராவைப் பழனிசாமி எடுத்துக்கொண்டு போய்விட்டான். போட்டிக்கு என்றால்தான் மறுபடி இரவல் தருவானாம். ஆகையால் அடுத்த போட்டிக்கும் என் பெயரை எழுதிக்கொள்ளவும். முருகேசனுக்கு லீவு மார்கழியில். போட்டியை அப்போது வைத்து, வாழவந்தி மைல்கல்லை மறக்காமல் சேர்க்கவும்.