ஊசி அங்கிளும் ஈயம் தின்ற ராணியும்

எங்கள் சாலாக் செலாத்தான் வட்டாரத்தில் ஊசி அங்கிளுக்கு இரத்தம் கொடுக்காத உயிர் ஒன்றுகூடக் கிடையாது. கொசு மட்டும் விலக்கு. அதற்கு அவர் கொடுத்தார்.

கால்நடை இரத்தத்தைப் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் அவருக்கு வேலை. எங்கள் அடுக்குமாடியில் என் பக்கத்து வீடு. பூனை குறுக்கே போனால் நமக்குச் சகுனம் தோன்றும். அவருக்குத் துத்தநாகம் தோன்றும். நிறம் மங்கிய ஆட்டைக் கண்டால், செம்புச்சத்து போதவில்லை என்று பெருமூச்சு விடுவார். பங்சாரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் வெளுத்த நகத்தைப் பார்த்துவிட்டு இரும்புச்சத்தைப் பற்றி ஆரம்பித்தவரை, பாயசத்தைக் காட்டித்தான் திசைதிருப்பினேன்.

அங்கிள் கார் ஓட்டமாட்டார். அவருக்கும் இரத்த மாதிரி வைக்கும் அவருடைய ஐஸ் பெட்டிக்கும் என் பழைய கார்தான் வாகனம்.

ஸ்ரீ கெம்பாங்கானில் மாடு வளர்க்கும் லெட்சுமி அக்கா ஒருநாள் அவரைக் கூப்பிட்டார். ராணி என்கிற பசு தீனியைத் தொடவில்லை. பல்லை நறநறவென்று கடிக்கிறது. கண் தெரியாமல் வேலியில் முட்டுகிறது. திருஷ்டி என்று அக்கா முடிவு கட்டியிருந்தார். சனிக்கிழமை இறைச்சி வியாபாரியின் லோரியில் ஏற்றிவிடுவது என்று அவர் வீட்டுக்காரர் முடிவு கட்டியிருந்தார். அந்த வீட்டில் மாட்டைத் தவிர எல்லோரும் முடிவோடு இருந்தார்கள்.

அங்கிள் மாட்டைப் பார்ப்பதற்கு முன் வேலிக்குப் பின்னால் போனார். பக்கத்துப் பட்டறையிலிருந்து உடைத்துப் போட்ட கார் பேட்டரிகள் புல்லில் கிடந்தன. ஒன்றில் நக்கிய தடம் பளபளத்தது.

"ஈயம்க்கா. ருசி கண்டா மாடு விடாது. டிக்கெட் இல்லாம ரயில் ஏறுறவன் மாதிரி ரத்தத்துல ஏறி, செம்பும் துத்தநாகமும் உக்கார வேண்டிய சீட்டுல உக்காந்துக்கும். அதுங்க பாவம், இறங்கிப் போயிடும்."

"அப்ப டிக்கெட் செக்கரக் கூப்பிடுங்க அங்கிள்," என்றார் அக்கா.

இரத்தம் எடுத்துப் போனவர் மறுநாள் முகம் வெளுத்து வந்தார். பரிசோதனை முடிவின்படி ராணி பசுவே இல்லை, பேட்டரி. கொம்பில் வயர் மாட்டினால் கார் ஸ்டார்ட் ஆகும். அவ்வளவு ஈயத்தோடு எந்த மாடும் நிற்காது, எங்கோ ஏதோ கலந்திருக்கிறது என்றார். டியூபைச் சந்தேகித்தார், ஊசியை, என் காரை, கடைசியில் என்னை.

திரும்பப் போனோம். ஸ்பிரிட்டால் கழுத்தைத் துடைத்துவிட்டு அங்கிள் ஊசியை எடுக்கத் திரும்பிய நொடியில், துடைத்த இடத்திலேயே அக்கா ஒரு விரல் குங்குமம் அப்பினார். செம்மாட்டின் மேல் சிவப்பு தெரியவேயில்லை.

"நேத்தும் இப்படித்தான் வெச்சீங்களா?" என்றார் அங்கிள், நான் கையைக் காட்டியதும்.

"உயிர்மேல ஊசி இறங்குது, அம்மன் துணை வேணாமா?"

"இந்த மாதிரி மலிவுக் குங்குமத்துலயும் ஈயம் கலப்பாங்கக்கா. அம்மன மனசுல கும்புடுங்க. கழுத்து எனக்கு வேணும்லா."

கழுவித் துடைத்து மறுபடி எடுத்தார். இந்த முறை கணக்கு நம்பும்படி இருந்தது: ஈயம் ஏறியிருந்தது, செம்பும் துத்தநாகமும் இறங்கியிருந்தன. ஆனால் அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. லோரி வாசலில் நின்றபோது, அங்கிள் அதன் முன்னால் ஐஸ் பெட்டியைப் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டார்.

"பாஸ், இந்த இறைச்சியில ஈயம் இருக்கு. நீங்க வித்தா, திங்கறவங்க ரத்தத்தையும் நான்தான் எடுக்கணும். எனக்கு ஆள் பத்தாது."

லோரி பின்னோக்கியே போய்விட்டது.

மாட்டு மருத்துவர் மருந்து ஏற்றினார். பட்டறைக்காரர் பேட்டரிகளை அள்ளினார். ராணியின் பாலை யாருக்கும் தரக் கூடாது என்று அங்கிள் தடுத்து வைத்தார். மெல்ல மெல்ல, மழைக்குப் பின் வானம் தெளிவதுபோல், ராணியின் கண் தெளிந்தது. தெளிந்த கண்ணால் அது முதலில் அடையாளம் கண்டது அங்கிளைத்தான். கண்டதும் ஓடிப்போய் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. வீடு திரும்பும்போது அங்கிள் ஐஸ் பெட்டியைப் பின்சீட்டில் கண்ணுக்குப் படாமல் தள்ளி வைத்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்கச் சொன்னார். ஊசி இல்லை, பெட்டி இல்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றார். ராணி தள்ளி நின்று முகர்ந்தது, யோசித்தது, பழத்தைத் தின்றது. பிறகு அவருடைய உள்ளங்கையை நக்கத் தொடங்கியது.

"பாசம் வந்துருச்சு அங்கிள்," என்றார் அக்கா.

"பாசமெல்லாம் இல்லக்கா. உடம்புல உப்பு கம்மி, அதான்," என்றார் அவர். கையை மட்டும் வெகுநேரம் எடுக்கவேயில்லை.