ரெண்டு நாக்காலி அண்ணனும் என் இடது முட்டியும்

தன்னோடு தானே பேரம் பேசி, தன்னிடமே தோற்று, தோற்றதற்கும் ஜெயித்ததற்கும் சேர்த்துக் கமிஷன் வாங்கிய மனிதர் மலேசியாவின் இந்தக் கெடா மாநிலத்தில் ஒருவர்தான். ரெண்டு நாக்காலி அண்ணன். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால், "பேரு எதுக்கு தம்பி, போன் நம்பர் இருக்குல்ல?" என்பார்.

எஸ்டேட்டுகளில் நன்றாகப் பந்து உதைக்கும் ஆட்களைப் பிடித்து டவுன் டீம்களில் சேர்த்துவிடுவது அவர் தொழில். ஆட்டக்காரனுக்கும் அவர்தான் ஏஜெண்ட், ஆளெடுக்கும் டீமுக்கும் அவர்தான் ஏஜெண்ட். இது அயோக்கியத்தனம் இல்லையா என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

"அதுக்குத்தான்லா ரெண்டு நாக்காலி போடச் சொல்றேன்!"

ஆட்டக்காரன் பக்கத்தில் ஒன்று, டீம் மேனேஜர் பக்கத்தில் ஒன்று. யாருக்காகப் பேசுகிறாரோ அங்கே போய் உட்காருவார். இங்கே தேத்தண்ணி குடிப்பார், அங்கே கோப்பி. ஒருத்தர் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துக்கொண்டு இன்னொருத்தருக்குப் பேசக் கூடாதாம். அவ்வளவு நேர்மை!

ஒருமுறை மெர்போக்கில் மேட்ச். இவர் சேர்த்துவிட்ட டிஃபெண்டர், எதிர் டீமில் இவரே சேர்த்துவிட்ட ஃபார்வர்டின் காலை வாரிவிட்டான். திடலுக்குள் ஓடினார். "ரெட் கார்ட் குடு ரெஃப்ரி, என் பையன் கால் போச்சு!" என்று ஒரு கத்தல். உடனே அந்தப் பக்கம் போய் நின்று, "ரெட் கார்டா? என் பையன் தொடவே இல்லியே!" ரெஃப்ரி சிவப்பு அட்டையை இவருக்கே காட்டி வெளியே அனுப்பினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என் முறை வரும்வரை.

அப்போது நான் பாடாங் செராய் பக்கம் ஒரு எஸ்டேட் டீமில் ஃபார்வர்ட். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலை டீம் கூப்பிட்டது. சேர்ந்தால் அங்கேயே நிரந்தர வேலை. எங்கள் வீட்டில் அதுவரை நிரந்தரம் என்று எதுவும் இருந்ததில்லை. செம்பனைத் தோட்டத்தில் அப்பாவுக்கே கான்ட்ராக்ட் வேலைதான்.

பேச்சுவார்த்தைக்குப் போகும் வழியில் அண்ணன் காரில் கேட்டார். "மறைக்காம சொல்லு தம்பி, உடம்புல எங்கயாச்சும் கோளாறு இருக்கா?"

"இடது முட்டிதாண்ணே. மழை நாள்ல வலிக்கும்."

"கவலைப்படாத. என்னோட போகட்டும்."

தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் டீம் மேனேஜர் காத்திருந்தார். அண்ணன் முதலில் என் பக்கம் உட்கார்ந்தார். "போஸ், இவன் ஓடுனா மோட்டார் சைக்கிள் பின்னால நிக்கும்! நிரந்தர வேலைக்குக் கொறஞ்சு பேசாதீங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேத்தண்ணியை முடித்தார். எழுந்தார். மேசையைச் சுற்றிப்போய் மேனேஜர் பக்கம் உட்கார்ந்தார். கோப்பியை உறிஞ்சிக்கொண்டு, கடைக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"நிரந்தரம் குடுக்காதீங்க போஸ். இவனுக்கு இடது முட்டி சரியில்ல."

"அண்ணே! அதை உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்!"

காலி நாற்காலியைக் காட்டினார். "அங்க உக்கார்ற ஆள்கிட்ட சொன்னே தம்பி. இங்க உக்காந்துகிட்டு போஸ்கிட்ட மறைச்சா அது துரோகம்லா."

எனக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. சீசன் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். இதை இன்றும் சிரிப்புக் கதையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருத்தனுக்காகப் பேசுகிறேன் என்றால் அவனுக்காக மட்டும் பேசு. அவன் நம்பிச் சொன்னதை எதிராளியிடம் கொண்டுபோய் விற்காதே. நாற்காலி மாறினால் காதில் விழுந்தது மறந்துபோகுமா? இது புரியப் பெரிய படிப்பா வேண்டும்?

இப்போது நானே ஒரு தொழிற்சாலை டீமுக்கு மேனேஜர். போன மாதம் ஒரு கோல்கீப்பருக்காக அவர் வந்தார். அதே மாமாக் கடை. தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஒரே நாக்காலிதாண்ணே. எந்தப் பக்கம்னு சொல்லுங்க" என்றேன்.

விழித்தார். பிறகு நாற்காலியைக் கோல்கீப்பர் பக்கம் இழுத்துப் போட்டார்.

பழக்கம் விடுமா? பாதி எழுவார். நான் முறைப்பேன். உட்காருவார். வேறு வழியில்லாமல் ஒரே பக்கமாகப் பேச ஆரம்பித்தார் பாருங்கள்! நிரந்தர வேலை, காயம்பட்டால் வைத்தியம், காயத்தைக் காரணம் காட்டி ஆளை நிறுத்தக் கூடாது, எல்லாவற்றையும் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். படுபாவி! இந்த வாயை அன்றைக்கு என் பக்கம் முழுசாக வைத்திருந்தால்!

கோல்கீப்பர் சந்தோஷமாகப் போய்விட்டான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுவதை அண்ணன் பார்த்தார்.

"தம்பி, அந்த இடது முட்டி இன்னும் வலிக்குதா?"

இத்தனை வருஷத்தில் இதை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. இந்த ஆளிடம் மட்டும் பதில் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

"வலிக்குதுண்ணே" என்றேன், மறுபடியும் அவரிடமே.