ஜன்னல் அறை முற்றுகை

இந்த முறை அறையை விட்டுக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். மனைவி கெஞ்சினாலும் கொடுப்பதில்லை. அழுதாலும் கொடுப்பதில்லை. அவள் இரண்டுமே செய்கிறவள் இல்லை. அது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் உள்ள அறை ஒன்றே ஒன்றுதான். கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல். அந்த ஜன்னலைக் கெட்டித் திரை போட்டு மூடி வைத்திருக்கிறேன். வெளிச்சம் பட்டால் கம்ப்யூட்டரில் எதிரியின் டாங்கி சரியாகத் தெரியாது.

என் மனைவி தையல்காரி. அவளுடைய மெஷின் சமையலறைக்குப் போகும் நடைவழியில் இருக்கிறது. அங்கே பகலிலும் விளக்குப் போட வேண்டும். போட்டாலும் கருநீலத் துணிக்கும் கறுப்பு நூலுக்கும் வித்தியாசம் தெரியாது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம் வேறு. சீருடைத் துணி நடைவழி முழுக்க மலை மாதிரி கிடந்தது. சாப்பிடப் போக நான் அதைத் தாண்டித் தாண்டித்தான் போனேன். கஷ்டம் அவளுக்கு மட்டுமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நியாயம் யார் பக்கம் என்று கேட்காதீர்கள். போரில் அதை யாரும் கேட்பதில்லை.

தெரியாதவர்களுக்காக விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பல ஊர்க்காரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆளுக்கொரு டாங்கி ஓட்டுவார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு முகாம். முகாம் என்றால் தரையில் போட்ட வட்டம், அவ்வளவுதான். எதிரி அதற்குள் வந்து கொஞ்ச நேரம் தொந்தரவில்லாமல் நின்றுவிட்டால் முகாம் அவனுடையது. ஆட்டம் முடிந்தது. ஆகவே யாராவது ஒருவர் காவல் இருக்க வேண்டும். மேட்டுக்குப் பின்னால் உடம்பை மறைத்துக்கொண்டு, பீரங்கிக் குழலை மட்டும் வெளியே நீட்டி, பொறுமையாக. எங்கள் அணியில் அந்த வேலை என்னுடையது. நான் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளன். ஒரே இடத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் போவதையும் வருவதையும் பார்ப்பது எனக்குப் புதிதா என்ன?

அணித் தலைவர் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். கடையில் உட்கார்ந்தபடியே ஆடுவார். அவருடைய கட்டளைகள் என் ஸ்பீக்கர் வழியாக வீடு முழுக்கக் கேட்கும்.

"சார், வலது பக்கம் ஒருத்தன் வர்றான், பாத்துக்குங்க... இது சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்மா... சார், சுடுங்க! உங்களை இல்லம்மா, நீங்க பயப்படாம போங்க!"

இப்படிப்பட்ட ஒரு போர் முடிந்த நேரத்தில்தான் மனைவி வாசலில் வந்து நின்றாள். வாயில் ஊசி.

"என்னங்க, ஸ்கூல் திறக்கிற வரைக்கும் இந்த ரூமைக் குடுங்களேன். ஊசியில நூல் கோர்க்கறதுக்குள்ள கண்ணு பிதுங்குது."

"கண்ணாடியை மாத்திக்கோ."

"அதை மாத்தியாச்சு. இடத்தைத்தான் மாத்தல."

"இதோ பாரு, போர்க்களத்துல ஒரு தர்மம் இருக்கு. யாரு உள்ள நிக்கறாங்களோ அவங்களுக்குத்தான் இடம். நான் இல்லாதப்போ நீ வந்து பிடிச்சா உனக்கு."

"நிஜமாவா?"

"சொன்னா சொன்னதுதான்."

"நீங்க குளிக்கப் போனா?"

"அது போர்நிறுத்தம். கணக்குல வராது."

"சரி" என்று போய்விட்டாள். நான் உள்ளுக்குள் சிரித்தேன். பள்ளி திறக்கும் வரை விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் முற்றுகை தொடங்கியது. படுக்கையை அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டுத் தட்டை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். முற்றுகை போடுகிறவரே மறுசோறு வேண்டுமா என்று கேட்கும் போர், குடும்பப் போர் ஒன்றுதான்.

முதல் தாக்குதல் காலையிலேயே வந்தது.

"என்னங்க, உங்க டிப்போ மேனேஜர் போன்ல இருக்கார்!"

"லீவுல இருக்கேன்னு சொல்லு."

"பாத்ரூம் குழாயை மூட முடியலங்க, தண்ணி கொட்டுது!"

"பக்கெட் வை."

அடுத்து மெயின் சுவிட்சை அணைத்தாள். அறை இருண்டது. வேறு வழியில்லாமல் திரையை விலக்கினேன். வெளிச்சம் உண்மையிலேயே பிரமாதமாக இருந்தது. உடனே மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் அடங்கிவிட்டாள். ஒரு நாள் மெஷினை அறை வாசல் வரை இழுத்து வந்து, "அடியில சக்கரம் மாட்டிக் குடுங்களேன். பெருக்கும்போது நகர்த்த வசதியா இருக்கும்" என்றாள். தோற்றவர்களிடம் நான் பெருந்தன்மையாக நடந்துகொள்வேன். ஒரு காலை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நாலு சக்கரத்தையும் மாட்டினேன். லேசாக ஓடட்டும் என்று எண்ணெயும் விட்டேன்.

அவள் முகம் வாடியிருந்ததைப் பார்த்து எனக்கு மனசு இளகியது. ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன்.

"நீ பண்ற தப்பு என்ன தெரியுமா? முட்டி மோதற. காவல்காரனை முட்டி எல்லாம் நகர்த்த முடியாது. அவன் பலவீனம் என்னன்னு தெரிஞ்சுக்கணும்."

"உங்க பலவீனம் என்னங்க?"

"எனக்கு அப்படி ஒண்ணும் கிடையாது."

"இருக்கு!" என்றது ஸ்பீக்கர். மைக் அணையாமல் இருந்ததையும் மருந்துக்கடைக்காரரையும் மறந்தே போயிருந்தேன். "அடிபட்ட டாங்கி ஒண்ணு புகை விட்டுக்கிட்டுப் போனா போதும், சார் முகாமை விட்டுட்டு அது பின்னாடியே ஓடிடுவார். அதுல தோத்ததுதான் நமக்கு ஜாஸ்தி. எத்தனை தடவை சொல்றது சார்?"

நான் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தேன். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் முற்பகல். மும்முரமான போர். எங்கள் அணி மொத்தமும் முன்னே போய்விட்டது. முகாமில் நான் மட்டும். கூடத்தில் மாடி வீட்டு அக்கா வந்து மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் காது கொடுக்கவில்லை. காது தானாகவே போனது.

"அவரைச் சொல்லி என்னக்கா பிரயோஜனம்? அன்னைக்குத் தப்பான பஸ்ல ஏறச் சொன்னது நான்தான். அவர் மேல தப்பே இல்ல."

என் கை நின்றுவிட்டது.

இதை விளக்க வேண்டும். கல்யாணமான புதிதில் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு, தப்பான பேருந்தில் ஏறி, பேர் தெரியாத ஊரில் இறங்கி, சாயங்காலம் வரை மழையில் நனைந்தபடி நின்றோம். ஏறச் சொன்னது யார் என்பதில் இன்றுவரை தீர்ப்பு ஆகவில்லை. அவள் இதை என் சகாக்களின் மனைவிமாரிடம் சொல்லி வைக்க, பணிமனையில் என் பெயரே 'தப்பு பஸ்' ஆகிவிட்டது. கீழே மருந்துக்கடைக்காரர்கூடத் தலைவலி மாத்திரை கொடுக்கும்போது "இது சரியான மாத்திரைதான் சார்" என்று சிரிப்பார். நேரக் காப்பாளனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

கூடத்துக்கு நான் நடந்து போனேனா, பறந்து போனேனா, தெரியாது.

"இப்ப என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லீங்க."

"பஸ்ஸைப் பத்தி ஏதோ சொன்னியே!"

தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தாங்க ஏறச் சொன்னேன். இத்தனை வருஷமா வீணா உங்க மேல பழி போட்டுட்டேன்."

"அக்கா, கேட்டீங்களா? கேட்டீங்கதானே?"

"கேட்டேன் தம்பி, கேட்டேன்" என்றார் மாடி வீட்டு அக்கா, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு. பாவம், அவருக்கும் துக்கம் என்று நினைத்தேன்.

"இதையே மருந்துக்கடைக்காரர் முன்னாடி சொல்லுவியா?"

"கூட்டிட்டு வாங்க. சொல்றேன்."

ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் அவள் செருப்பு. படிகளில் உருளாத குறை. கடையில் மருந்துக்கடைக்காரர் ஒரு கையால் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே மறுகையால் டாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உடனே மேல வாங்க!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், நீங்க இங்க இருக்கீங்க. அப்ப முகாம்ல யாரு?"

"எந்த முகாம்?"

கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் வட்டத்தின் நடுவில் எதிரியின் குட்டி டாங்கி ஒன்று, சந்தைக்கு வந்தது போல ஹாயாக நின்றிருந்தது. அடுத்த நொடி 'தோல்வி' என்று சிவப்பாக எழுத்து விழுந்தது.

"எதுக்கு சார் வெளிய வந்தீங்க?"

"என் வீட்டுக்காரி தன் தப்பை ஒத்துக்கிட்டா!"

"அக்காவா?"

"ஆமா."

"அவங்களாவேவா?"

"ஆமாங்கறேன்!"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கண்ணில் அப்படி ஒரு இரக்கம். "சார், ஓடுங்க" என்றார்.

ஓடினேன். பாதிப் படியிலேயே மெஷின் சத்தம் கேட்டது.

ஜன்னல் திரையைக் கழற்றியிருந்தார்கள். அறை முழுக்க வெயில். ஜன்னல் ஓரத்தில் மெஷின், சக்கரங்களின் மேல் ராஜா மாதிரி நின்றிருந்தது. மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். மாடி வீட்டு அக்கா துணியை மடித்துக்கொண்டிருந்தார். என் கம்ப்யூட்டர் நடைவழி விளக்கின் கீழே இருந்தது. வயர் எல்லாம் ஒழுங்காகச் சொருகி, துடைத்துக்கூட வைத்திருந்தாள்.

"இது அநியாயம்!"

"காலியா இருந்துச்சுங்க. நீங்க சொன்ன தர்மம்தான்."

ஆனாலும் நான் முழுக்கத் தோற்றவன் இல்லையே! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"ரூம் போனா போகட்டும். பஸ் விஷயத்துல உண்மை வெளிய வந்துச்சே, அது போதும் எனக்கு. லீவு முடிஞ்சதும் டிப்போவுக்கு வந்து எல்லார் முன்னாடியும் ஒரு தடவை சொல்லிடு."

மெஷின் நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது உங்களை வெளிய கொண்டு வர்றதுக்குச் சொன்னதுங்க. ஏறச் சொன்னது நீங்கதான்."